பதினோரு வருடம் கழித்து அகப்பட்ட பிக்பாக்கெட்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, 11 வருடங்களாகத் துப்புத் துலங்காமல் கிடந்த ஒரு திருட்டு எங்கள் வீட்டு முற்றத்தில் துலங்கிவிட்டது. துப்புக் கொடுத்தது குதிரை; அகப்பட்டது மாமா. ஊறவைத்த கொள்ளு அரை பக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றது நான்.

அந்தக் குதிரை, துரை, எங்களிடம் வந்து 7 வாரம் ஆகிறது. ரேஸில் ஓடிய காலத்தில் அவனுக்கு வேறு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. 'ஒருநாளும் தாமதிக்காதவன்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலப் பெயர் என்பது மட்டும் போதும். 5 வயதில் ஓட்டத்தை நிறுத்திய பிறகு ஓர் எஸ்டேட் பங்களாவின் பின்புறத்தில் 10 வருடம் சும்மா நின்றிருக்கிறான். பங்களா கைமாறியபோது அங்கிருந்த கால் ஒடிந்த நாற்காலிக்குக்கூட ஆள் கிடைத்தது, நான்கு கால்களும் நன்றாக இருந்த இவனுக்குக் கிடைக்கவில்லை. 2024 ஜூலையில் ஊட்டி ரேஸ் மைதானத்தின் 52 ஏக்கரையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டதிலிருந்து, இந்த மலையில் யாருக்காவது ஒரு பழைய ரேஸ் குதிரையின் மேல் இரக்கம் வந்தால் அந்த இரக்கம் நேராக எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வருகிறது.

ரேஸ் குதிரைக்கு ஓடத் தெரியும் என்பது உண்மை. ஓடுவதைத் தவிர மற்றதெல்லாம் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதும் உண்மை. கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் சாதாரணக் குதிரை நிற்கும். ரேஸ் குதிரையோ அந்த இழுப்பின் மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகப் போகும். பெரும்பாலும் ஒரே பக்கமாக வளைந்து ஓடிப் பழகியதால் மறுபக்கம் திருப்பினால், வழி தவறி அந்நியர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல் விழிக்கும். ஜாக்கியை யாராவது முழங்காலைப் பிடித்துத் தூக்கிவிட, குதிரை நடந்துகொண்டே இருக்கும்போது அவர் மேலே போய் உட்காருவதுதான் அங்கே வழக்கம். ஆகவே ஒருவர் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு, அதன்மேல் ஏறி, நிதானமாகச் சேணத்தில் காலை வைப்பார் என்பது துரையின் கற்பனைக்கே எட்டாத விஷயம். என் கணவர் மூன்று வாரமாகத் துணி துவைக்கும் கல்லின் மேல் ஏறி நிற்கிறார். அவர் ஒரு காலைத் தூக்கும் கணத்தில் துரை இரண்டடி முன்னே நடந்துவிடுகிறான். ஒற்றைக் காலில் நிற்கும் அவரைப் பார்த்துவிட்டுப் போகும் கேரட் வண்டிக்காரர்கள், இவர் எதற்காகத் தவம் இருக்கிறார் என்று எங்கள் ஊரான கேத்தி முழுவதும் விசாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

எல்லாவற்றையும்விடச் சிரமமானது தனிமை. குதிரை கூட்டமாக வாழும் பிராணி. ஒன்று படுத்தால் இன்னொன்று நின்று காவல் காக்கும். நின்றுகொண்டே கண்ணயர முடியும் என்றாலும் ஆழ்ந்த உறக்கத்திற்கு அது படுத்தாக வேண்டும். துரை வந்த முதல் 9 நாட்களும் படுக்கவில்லை. இரவெல்லாம் கனைத்தான், அந்தக் கனைப்புக்கு எங்கள் நாய் ஜிம்மி பதில் சொன்னாள். 14 வயதான ஜிம்மிக்கு இப்போதெல்லாம் பகல் எது இரவு எது என்பது மறந்துவிட்டதால், நள்ளிரவில் கூடத்தில் வட்டமடித்து, மூலையில் முகத்தை வைத்து நின்றுகொண்டு, சுவர் ஏன் திறக்கவில்லை என்று குரைப்பாள். இருவருக்கும் நடுவே நாங்கள் படுத்திருந்தோம் என்று சொல்லலாமே தவிர, தூங்கினோம் என்று சொல்ல முடியாது.

பத்தாம் நாள் இரவு மேஜர் வழி தவறி லாயத்துக்குள் போய்விட்டார். மேஜருக்கு 13 வயது, இரண்டு கண்ணிலும் புரை, காதும் கேட்காது. குடிமாறிப் போன ஒரு குடும்பம் கேட்டில் கட்டிவிட்டுப் போன லாப்ரடார். மாமாவும் மேஜரும் ஒரே பெயருள்ள மூட்டு மாத்திரையை ஒரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்பவர்கள் என்பதால் அவரை 'அவன்' என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. விடியற்காலையில் டார்ச் விளக்குடன் தேடிப் போன நான் கண்ட காட்சி: 450 கிலோ எடையுள்ள துரை வைக்கோலில் கால் நீட்டிப் படுத்து, உதடு தொங்கக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான், கண்ணும் தெரியாத காதும் கேளாத மேஜர் அவன் கழுத்தருகே உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு.

இத்தனைக்கும் நடுவில் மாமா மட்டும் லாயத்தின் பக்கமே வரவில்லை. முன்பு வந்த இரண்டு குதிரைகளுக்கும் கேரட் நறுக்கிப் போட்டவர், இவனைக் கண்டால் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். வயதாகிவிட்டது, பயம் வந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். 34 வருடம் அரசாங்கக் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதிய மனிதரைப் பற்றி வேறு என்ன நினைக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை அத்தை துரைக்குச் சுழி பார்க்க முடிவு செய்தார். சனிக்கிழமை அவன் கொடியில் காய்ந்த அவருடைய காட்டன் புடவையில் ஒரு முழத்தை மென்றுவிட்டான். சுழி சரியாக இருக்கும் குதிரை இப்படிச் செய்யாது என்பது அவருடைய வாதம். ரேஸ் குதிரைகளுக்கான பாஸ்போர்ட் புத்தகத்தில் படம் வரைந்து, சுழி இருக்கும் இடங்களில் எல்லாம் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள் என்று நான் சொன்னதும் அவருக்கு உண்டான மகிழ்ச்சியை இதுவரை எந்தப் பேரப்பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும் தந்ததில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி என்று ஒவ்வொன்றாகக் குதிரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பிறந்த வருடம் 2010 என்றேன். பெயரைச் சத்தமாகப் படித்தேன்.

திண்ணையில், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஐந்தாவது ரேஸ், ஏழாம் நம்பர்."

கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்வதும் குதிரையின் குணம் என்பார்கள். அன்றைக்குக் கடிவாளம் தேவைப்பட்டது வேறு வாய்க்கு. செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. துரைகூட மெல்லுவதை நிறுத்தினான்.

இந்த இடத்தில் கெய்சரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2014 கோடை சீசனில், கெய்சர் வாங்குவதற்காக 8,500 ரூபாயுடன் ஊட்டிக்குப் போன மாமா, பேருந்து நிலையத்தில் யாரோ பாக்கெட்டை அறுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வெறுங்கையுடன் திரும்பினார். பேருந்து நிலையத்தை ஒட்டித்தான் ரேஸ் மைதானம் இருந்தது என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை. கெய்சர் அடுத்த வருடம்தான் வந்தது. உறைபனி கொட்டிய அந்தக் குளிர்காலம் முழுவதும் ஈர விறகை ஊதி ஊதி வெந்நீர் போட்ட அத்தை, அன்று தொடங்கி இன்றுவரை தினமும் காலையில், "பணத்தை எடுத்த அந்தக் கை தூக்க முடியாமல் போகட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் கெய்சர் சுவிட்சைப் போடுவார். ஏழரைச் சனிகூட ஏழரை வருடத்தில் விட்டுப் போய்விடும்; இது 11 வருடம் தவறாமல் நடந்தது. 2017இல் மாமாவின் வலது தோள்பட்டை இறுகிப்போய்க் கை மேலே எழும்பாமல் ஆனபோது, சர்க்கரையாக இருக்கலாம் என்றும் தூங்கும் வாகாக இருக்கலாம் என்றும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் தெரிந்த ஒரே மனிதர் வாயைத் திறக்காமல் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விசாரணை நீண்ட நேரம் நடக்கவில்லை. எந்த வருடம் என்று அத்தை கேட்டார், மாமா சொன்னார். எவ்வளவு என்று கேட்டார், மாமா சொன்னார். எத்தனையாவதாக வந்தது என்று கேட்டதற்கு மட்டும், அன்றைக்கு மழை பெய்து தரை இளகியிருந்தது என்று மாமா தொடங்கினார். குதிரையைத் திரும்பிப் பார்த்த அத்தை, அதன் பெயருக்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபின், கடைசியில் வந்ததா என்றார். கடைசிக்கு முந்தையது என்று மாமா திருத்தினார். கணக்கில் பிழை வருவதை அவரால் அப்போதும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு அவர் ஒரு தவறு செய்தார். குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, அது திறமையின்பாற்பட்டது என்று உச்ச நீதிமன்றமே 1996இல், அதுவும் தமிழ்நாட்டு வழக்கிலேயே தீர்ப்பளித்திருக்கிறது என்று எடுத்துரைத்தார். அத்தை தீர்ப்பை மறுக்கவில்லை. திறமை உள்ளவர்களைப் பற்றி நீதிமன்றம் சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மதியச் சாப்பாடு எந்தச் சத்தமும் இல்லாமல் நடந்தது. மாலை 4 மணிக்கு அத்தை தீர்ப்பை அறிவித்தார். 8,500 ரூபாய் கொடுத்தவர் மாமா. ஆகவே குதிரை மாமாவுடையது. சொந்தக் குதிரையை மருமகள் பார்த்துக்கொள்ளும்படி விட்டுவிட்டுச் செய்தித்தாள் படிப்பது அழகல்ல. தினமும் காலையில் அரை மணி நேரம், இடப்பக்கம் பாதி வலப்பக்கம் பாதியாக, அவரே கயிற்றைப் பிடித்து நடத்த வேண்டும்.

திங்கட்கிழமை எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. குதிரையின் இடப்பக்கம் நின்று வலது கையால் கயிற்றைப் பிடிப்பதுதான் முறை. மாமாவின் வலது கையோ இடுப்புக்கு மேல் எழாது. துரை தலையை உயர்த்தி ஒரு வெட்டு வெட்டினால் அந்தத் தோள்பட்டை என்ன ஆகும் என்று நான் வேலியோரம் பதறிக்கொண்டு நின்றேன். இரண்டு அடி நடந்ததும் கயிறு இறுகியது. மாமா இழுக்கவில்லை, இழுக்க அவரால் முடியாது. துரை நின்றான், அவரை ஒரு முறை முகர்ந்து பார்த்தான், பிறகு அந்தக் கை எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அவ்வளவுக்குத் தலையைத் தாழ்த்திக்கொண்டு நடக்கத் தொடங்கினான். 7 வாரமாக என் கணவரும் நானும் எத்தனையோ கேரட் செலவழித்துக் கற்றுக்கொடுக்க முயன்றது இதைத்தான். குதிரையின் மணத்தைப் பிடித்துக்கொண்டு மேஜர் பின்னால் போனார். ஓட்டத்தில் கடைசிக்கு முந்தி வந்தவனும், அவனை நம்பிப் பணம் கட்டியவரும், எதையும் பார்க்காத கேட்காத காவலரும் முள்ளங்கிப் பாத்தியைச் சுற்றி ஆறு முறை வந்தார்கள். சமையலறை ஜன்னல் வழியாக இதை அத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பால் பொங்கி வழிந்த வாசனையில்தான் எனக்குத் தெரிந்தது.

இன்று காலை அத்தை வழக்கம்போல் கெய்சர் சுவிட்சில் கை வைத்து, "அந்தக் கை" என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டார். மேஜரைத் தவிர வீட்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் சற்று யோசித்தார்.

"அந்தக் கைக்கு ஒத்தடம் கொடுக்க வேண்டும். பக்கெட்டை எடு" என்றார் என்னிடம்.