9 ஆட்ட முன்னிலை, 27 ஆட்டம் பாக்கி: ரெட் சாக்ஸின் 2011 செப்டம்பரை எக்செல் ஷீட்டில் ஓட்டிப் பார்த்தது

சீசன் முடிய ஒரு மாதம் இருக்கும்போது "நம்ம டீம் பிளேஆஃப் போகுமா?" என்று கேட்டால், ஆளாளுக்கு வாய்க்கு வந்த சதவீதத்தைச் சொல்வார்கள். அதைக் கையாலேயே கணக்குப் போட ஒரு ஷீட் தயார் செய்ததன் குறிப்பு இது. நடப்பு சீசனில் சோதித்தால் சரியா தவறா என்று தெரிய அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதனால் விடை தெரிந்த பழைய சீசன் ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் கவிழ்ந்த 2011-ஐ விடக் கடுமையான சோதனை கிடைப்பது அரிது.

ஷீட்டில் போட வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். 2011 ஆகஸ்ட் 31 இரவு ரெட் சாக்ஸ் 83 வெற்றி, 52 தோல்வி. பிளேஆஃபின் வைல்ட் கார்ட் இடத்தை (லீகின் எந்தப் பிரிவையும், அதாவது டிவிஷனையும், வெல்லாத அணிக்கான இடம்) கடைசியில் அவர்களிடமிருந்து பறித்த டாம்பா பே ரேஸ் 74-61. ஆளுக்கு 27 ஆட்டம் பாக்கி, இடைவெளி 9 ஆட்டம். பேஸ்பாலில் டிரா கிடையாது, நெட் ரன் ரேட் கிடையாது, மழை வந்தால் புள்ளியைப் பங்கு போடுவதும் கிடையாது. ஒவ்வொரு ஆட்டமும் 1 அல்லது 0. இந்த ஒரு வசதியால்தான் முழுக் கணக்கும் சாதாரண ஷீட்டில் அடங்குகிறது.

முதலில் மேஜிக் நம்பர். ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். அதோடு ஒன்று கூட்டிய 163-இலிருந்து முன்னணி அணியின் வெற்றியையும் துரத்தும் அணியின் தோல்வியையும் கழித்தால் கிடைப்பது. 163 − 83 − 61 = 19. பாஸ்டன் வெற்றியும் டாம்பா தோல்வியும் சேர்ந்து 19 வந்தால் கதை முடிந்தது. மொத்தம் 54 வாய்ப்பில் 19 போதும் என்பதால் பார்க்க ரொம்பப் பத்திரமாகத் தெரியும். நடந்தது என்ன? பாஸ்டன் 7-20, டாம்பா 17-10. 7-உம் 10-உம் சேர்ந்து 17. பாஸ்டன் 90-72, டாம்பா 91-71 என்று சீசன் முடிந்தது. 18 வந்திருந்தாலே இருவரும் சமம், அதை உடைக்க அந்தக் கால விதிப்படி 163-ஆவது ஆட்டம் ஒன்று வைத்திருப்பார்கள். மேஜிக் நம்பர் எவ்வளவு தேவை என்றுதான் சொல்லும். எவ்வளவு சாத்தியம் என்பதை அதிலிருந்து படிக்கப் பார்ப்பதுதான் முதல் தப்பு.

முதல் ஷீட் நேரான வழியில் போனது. எல்லா ஆட்டமும் நாணயம் சுண்டுவது போல 50-50. ஒரு வரிசைக்கு ஒரு சீசன், பாஸ்டனுக்கு 27 ரேண்ட் (0-க்கும் 1-க்கும் நடுவே சீரற்ற எண் தரும் சூத்திரம்) செல், டாம்பாவுக்கு 27 ரேண்ட் செல், 10,000 வரிசை. ஐந்தரை லட்சம் செல்லுக்கு ஷீட் மூச்சுத் திணறும். எங்கே ஒரு எழுத்தைத் தட்டினாலும் எல்லா ரேண்டும் மறுபடி உருளும், விடையும் மாறிவிடும். தானியங்கிக் கணக்கை நிறுத்தி வைத்துவிட்டு, வேண்டும்போது மட்டும் ஓட்ட வேண்டும். முடிவை மதிப்பாக மட்டும் வேறு தாளில் ஒட்டி வைத்துக்கொள்ளவும் வேண்டும். வந்த விடை: 10,000-இல் டாம்பா முந்துவது 75-ஐ ஒட்டி, அதாவது முக்கால் சதவீதம். இருவரின் வெற்றியும் சமமாக முடிந்த சுற்றுகளில் பாதியை டாம்பாவுக்குக் கொடுத்த பிறகு வரும் எண் இது.

இந்த எண் தப்பு. ஷீட் ஓடுகிறது, பிழைச் செய்தி எதுவும் வராது, ஆனாலும் தப்பு. பாக்கி 27-இல் 7 ஆட்டம் இவர்கள் இருவருக்குள்ளேயே நடக்க வேண்டியவை: செப்டம்பர் 9 முதல் 11 வரை டாம்பாவில் மூன்று, 15 முதல் 18 வரை பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் நான்கு. தனித்தனியாகச் சுண்டினால் ஒரே ஆட்டத்தை இரண்டு அணியும் ஜெயிக்கும் சுற்றுகளும், இரண்டும் தோற்கும் சுற்றுகளும் உள்ளே புகுந்துவிடும்.

சரிசெய்த ஷீட்டில் ஒரு வரிசைக்கு மூன்றே செல். நேரடி ஆட்டம் 7-இல் டாம்பாவின் வெற்றி, மற்ற அணிகளோடு 20-இல் டாம்பாவின் வெற்றி, மற்ற அணிகளோடு 20-இல் பாஸ்டனின் வெற்றி. மூன்றுக்கும் பைனாம்.இன்வ் சூத்திரம்: முதலில் ஆட்ட எண்ணிக்கை, பிறகு வெற்றி வாய்ப்பு, கடைசியில் ரேண்ட். டாம்பாவின் இறுதிக் கணக்கு 74 கூட்டல் முதல் செல் கூட்டல் இரண்டாம் செல். பாஸ்டனுடையது 83 கூட்டல் மூன்றாம் செல் கூட்டல் (7 கழித்தல் முதல் செல்). அடைப்புக்குள் இருக்கும் அந்தக் கழித்தல்தான் உயிர். செல்களும் 30,000-ஆகக் குறைந்து ஷீட் சட்டென்று ஓடும்.

வாய்ப்பு இப்போது ஒன்றரை சதவீதத்தை ஒட்டி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காரணம் எளிது. இரு அணிகளும் அன்றைக்கு வேறு வேறு ஆட்களோடு ஆடினால், நான்கில் இரண்டு வாய்ப்பில் இடைவெளி அசையாது, ஏனென்றால் இருவரும் ஜெயிக்கலாம் அல்லது இருவரும் தோற்கலாம். நேரடி ஆட்டத்தில் இடைவெளி ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும், நடுவே எதுவும் இல்லை. வித்தியாசத்தின் பரவலாகச் சொன்னால், 54 தனி ஆட்டம் என்று போட்டதில் மாறுபாடு 13.5. ஏழு நேரடி ஆட்டத்தைச் சரியாகப் போட்டதும் 17. திட்ட விலக்கம் 3.67-இலிருந்து 4.12. தேவை 9, 10 என்று வால் நுனியில் இருக்கும்போது இந்தச் சின்ன வித்தியாசமே விடையை இரட்டிக்கிறது. அட்டவணையைப் பார்க்கும்போது முதலில் எண்ண வேண்டியது நேரடி ஆட்டங்களைத்தான்.

ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும்: 10,000 சுற்றில் 150 வரும் கணக்கு, ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் 12 போல மேலே கீழே ஆடும். 1.4-க்கும் 1.6-க்கும் நடுவே சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

அடுத்தது அணியின் பலம். 83-52 என்பதை அப்படியே 0.615 என்று போடக் கூடாது, அதில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. பழக்கத்தில் உள்ள வழி, கற்பனையாக 35 வெற்றி, 35 தோல்வி சேர்த்து நடுப்பக்கம் இழுப்பது. பாஸ்டன் 118/205, அதாவது 0.576. டாம்பா 109/205, அதாவது 0.532. நேரடி ஆட்டத்துக்கு, பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த லாக்5 வாய்பாடு: இரண்டு அணிக்கும் வெற்றி-தோல்வி விகிதத்தை (118/87, 109/96) எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.19, அதாவது பாஸ்டனுக்கு 0.544. உள்ளூர் சாதகம் 0.54 வாக்கில் இருக்கும். ஆனால் இங்கே வீட்டில் நான்கு, வெளியே மூன்று என்பதால் விட்டுவிட்டாலும் விடை நகராது. இந்த எண்களோடு ஓட்டினால் டாம்பாவின் வாய்ப்பு 0.6 சதவீதமாக இறங்குகிறது. அந்தச் செப்டம்பர் தொடக்கத்தில் வெளியான கணிப்புகளும் பாஸ்டனுக்கு 99 சதவீதத்துக்கு மேல்தான் கொடுத்தன.

இனி நடந்ததை அதே மூன்று செல்லில் பிரித்துப் போட்டால் கதை வேறு மாதிரித் தெரியும். நேரடி ஆட்டங்களில் டாம்பா 6-1. மற்ற அணிகளோடு டாம்பா வெறும் 11-9. பாஸ்டன் 6-14. "ரேஸ் தீயாய் ஆடினார்கள்" என்று இன்றும் சொல்கிறார்கள். மற்றவர்களோடு அவர்கள் ஆடியது சராசரிக்கு ஒரு முடி மேலே, 50-50 அணியே 41 சதவீத நேரம் எட்டக்கூடியது. மொத்த வித்தியாசமான 10-இல் 5 அந்த ஏழு ஆட்டங்களிலேயே வந்தது. மீதி 5 பாஸ்டனின் சரிவு. 20-இல் 6 அல்லது அதற்கும் குறைவு என்பது நாணயம் சுண்டினாலே 6 சதவீதத்துக்கு உட்பட்டது, 0.57 அணிக்கு ஒன்றரை சதவீதத்துக்குள்.

ஷீட்டால் விளக்க முடியாமல் நிற்கும் இடம் இதுதான். ஆகஸ்ட் வரை ஜெயித்த அணியும் செப்டம்பரில் களம் இறங்கிய அணியும் ஒன்றல்ல. தொடக்கப் பிட்சர்களில் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுபவர்கள்) கிளே புக்ஹோல்ஸ் முதுகு எலும்புக் காயத்தால் ஜூன் நடுவிலிருந்தே இல்லை. டைசுகே மட்சுசாகாவுக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை. ஜான் லாக்கியின் சீசன் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுக்கும் ரன் சராசரி) 6.41. செப்டம்பரில் பாஸ்டன் தொடக்கப் பிட்சர்களின் மொத்த ஈஆர்ஏ 7.08. சீசன் முழுக்க 875 ரன் எடுத்து மேஜர் லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த அணிக்கு மட்டை குறையே இல்லை. பந்து போட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பிட்சர் மாற்றத்தை எண்ணாக்க ஒரு தோராயக் கணக்கு உண்டு. பத்து ரன் ஒரு வெற்றிக்குச் சமம். வழக்கமான ஆளுக்குப் பதில், ஒன்பது இன்னிங்ஸுக்கு 2 ரன் கூடுதலாகக் கொடுக்கும் மாற்று பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் போட்டால் 1.1 ரன் நஷ்டம். அந்த ஆட்டத்தின் வெற்றி வாய்ப்பில் 0.11 குறையும், 0.57 என்பது 0.46 ஆகும். அப்படிப்பட்ட இருவர் ஐந்து பேர் சுழற்சியில் இருந்தால் மாதத்தில் 10 அல்லது 11 ஆட்டம் அவர்கள் கையில், ஒரு வெற்றிக்கு மேல் போய்விடும். ஒரு வெற்றிதான் அந்த வருடம் முழு வித்தியாசமும்.

யார் காயப்படுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாததால், பலத்தையே சற்று ஆடவிட வேண்டும். நார்ம்.இன்வ் கொண்டு ஒவ்வொரு அணியின் வெற்றி வாய்ப்பையும் 0.04 திட்ட விலக்கத்தில் குலுக்கினால், 0.6 என்பது 1-ஐ ஒட்டி ஏறுகிறது. இங்கே கவனம்: குலுக்கல் ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியாகக் குலுக்கினால் பயன் பூஜ்யம். மேலும் கீழும் ஒன்றையொன்று சமன் செய்து பழைய விடையே வரும். பலர் இந்த இடத்தில் ஏமாந்து "பலத்தின் சந்தேகம் ஒன்றும் செய்யாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நடுவில் ஒரு தேதி. செப்டம்பர் 18 இரவு பாஸ்டன் 87-65, டாம்பா 85-67, ஆளுக்கு 10 ஆட்டம், நேரடி ஆட்டம் எதுவும் பாக்கியில்லை. இங்கே உருட்டவே வேண்டாம். இருவரும் 50-50 என்று கொண்டால் வித்தியாசம் 20 ஆட்ட பைனாமியலுக்குச் சமம். டாம்பா தனியாக முந்த 20-இல் 13 அல்லது மேல் வேண்டும், அது 13.2 சதவீதம். 12 என்றால் சமநிலை, அது 12 சதவீதம், அதில் பாதி. மொத்தம் 19. உருட்டும் ஷீட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதுவே உரைகல். இந்த எண்களைப் போட்டு 18-க்கும் 20-க்கும் வெளியே விடை வந்தால் சூத்திரத்தில் எங்கோ கோளாறு.

அதே வருடம், ரெட் சாக்ஸ் ஆடும் அமெரிக்கன் லீகுக்கு இணையான நேஷனல் லீகில் அட்லாண்டா பிரேவ்ஸ் செய்த காரியத்தையும் போட்டுப் பார்க்கலாம். ஆகஸ்ட் 31-இல் பிரேவ்ஸ் 80-55, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் 72-64. வெற்றியில் வித்தியாசம் 8, தோல்வியில் 9, இரண்டின் சராசரியாக இடைவெளி எட்டரை. "அரை" என்று வந்தாலே இருவருக்கும் பாக்கி ஆட்டம் ஒன்றல்ல என்று பொருள்: பிரேவ்ஸுக்கு 27, கார்டினல்ஸுக்கு 26. இரண்டுக்கும் 27 போட்டால் இல்லாத ஆட்டம் ஒன்று உள்ளே வரும். நேரடி ஆட்டம் மூன்று, மூன்றையும் கார்டினல்ஸ் ஜெயித்தார்கள். 50-50 கணக்கில் அவர்களுக்கு 1.4 சதவீதம். பிரேவ்ஸ் 9-18, கார்டினல்ஸ் 18-8, முடிவு 90-72க்கு 89-73. கார்டினல்ஸ் இறுதிப் பட்டப் போட்டியான உலகத் தொடரையே வென்றார்கள்.

2007-இல் நியூயார்க் மெட்ஸ் செப்டம்பர் 12-இல் 7 ஆட்டம் முன்னே, 17 பாக்கி. 5-12 ஆடி ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸிடம் ஓர் ஆட்டத்தில் டிவிஷனை இழந்தார்கள். அங்கேயும் நேரடி ஆட்டம் மூன்று, மூன்றும் ஃபில்லீஸுக்கு. ஷீட் கொடுப்பது கிட்டத்தட்ட அதே 1.4. இவற்றைப் பெருக்கி "லட்சங்களில் ஒன்று" என்று பரப்புவது விளையாட்டுக்குச் சரி. நடந்து முடிந்த பின், இடைவெளி உச்சத்தில் இருந்த நாளாகப் பார்த்துத் தேதியைப் பொறுக்கினால் எண் எப்போதும் சின்னதாகத்தான் வரும்.

இதே ஷீட்டை இன்றைய சீசனுக்குத் திருப்பும்போது இரண்டு இடம் மாற வேண்டும். 2022 முதல் 163-ஆவது ஆட்டம் இல்லை. சமநிலையானால் முதலில் நேரடி ஆட்டக் கணக்குதான் பார்ப்பார்கள். ஆக, "பாதி" என்று எழுதிய இடத்தில், அந்த இருவரின் தொடர் முடிந்திருந்தால் 1 அல்லது 0 வர வேண்டும். 2025-இல் மெட்ஸும் சின்சினாட்டி ரெட்ஸும் 83-79 என்று சமமாக முடித்தபோது, நேரடிக் கணக்கில் 4-2 என்றிருந்த ரெட்ஸ் உள்ளே போனார்கள். கையில் அந்தச் சாதகம் இருக்கும் முன்னணி அணிக்கு மேஜிக் நம்பரை 163-க்குப் பதில் 162-இலிருந்து கழிக்கலாம்.

இரண்டாவது, ஆட்கள் பட்டியல். 2011-இல் செப்டம்பர் 1 வந்தால் 40 பேர் வரை அணியில் வைக்கலாம். இப்போது 28தான். மாற்றுப் பிட்சர் கணக்கில் இது இன்னும் கொஞ்சம் இறுக்கம் சேர்க்கும்.

இன்னும் போடாத வரிசை ஒன்று இருக்கிறது: மூன்றாவது துரத்தும் அணி. 2011-இல் ஏஞ்சல்ஸும் 86 வெற்றியோடு பின்னால் இருந்தார்கள். அப்படி மூன்று அணிகளும் தங்களுக்குள் ஆட வேண்டியிருந்தால் நேரடி ஆட்ட செல்கள் ஒன்றிலிருந்து மூன்றாகும், ஒவ்வொரு ஜோடிக்கும் அந்தக் கழித்தல் தனித்தனியாக வேண்டும்.