ஸ்டாண்டர்ட் 2000: எல்லோரும் திட்டும் அந்த என்ஜின்தான் அதைக் காப்பாற்றும்

எண்பதுகளில் இந்தியாவில் தயாரான கார்களில் எது அழகு என்று கேட்டால் யோசிக்காமல் ஸ்டாண்டர்ட் 2000 என்பேன். வாங்கியவர்களிடம் அதிகம் வசவு வாங்கியதும் அநேகமாக அதுதான். கான்டெஸா, சியரா என்று வாய்விட்டு ஆசைப்படுகிறவர்களில் பலர், இந்தப் பெயரை மட்டும் கொஞ்சம் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் இருந்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலை. ஹெரால்டும் கசெலும் அங்கே பிறந்தவை. எழுபதுகளின் கடைசியில் கார் தயாரிப்பு நின்றுபோய், வேன் வகையறாக்களில் காலம் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி, 1985-இல் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 உடலோடு திரும்பி வந்தது. எஸ்டி1 சாதாரண வண்டி இல்லை. 1976-இல் வெளியாகி, 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதை வாங்கியது. அங்கே அதன் மூடிக்கு அடியில் 3.5 லிட்டர் அலுமினிய வி8 (எட்டு சிலிண்டர் என்ஜின்), 155 குதிரைத்திறன். இங்கே மூடியைத் தூக்கினால் 1991 சிசி இரும்பு என்ஜின், நான்கு சிலிண்டர், அதில் பாதியைச் சற்றே தாண்டும் சக்தி. 1940-களில் ஸ்டாண்டர்ட் வேன்கார்டுக்காக வந்த வடிவம் அது. மாருதி 800 அப்போதே சாலையில் பறந்துகொண்டிருந்தது. 1988-இல் ஸ்டாண்டர்டின் கதை முடிந்தது. (கான்டெஸாவும் அம்பாசடரின் 1489 சிசி என்ஜினோடுதான் வந்தது. அதை இசுஸு என்ஜின் காப்பாற்றியது, இதைக் காப்பாற்ற எதுவும் வரவில்லை.)

"டிராக்டர் என்ஜின்" என்று கேலி செய்வார்கள். பொய் இல்லை. ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் இருந்ததும் இதே குடும்பம்தான். ஆனால் 83 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 92 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) என்ற அதே அளவில் டிரையம்ஃப் டிஆர்2, டிஆர்3 ஸ்போர்ட்ஸ் கார்களும் ஓடின. இன்றைக்கு இந்த வண்டியை வாங்க நினைப்பவருக்கு இதுதான் முக்கியமான செய்தி. டிஆர் கார்களுக்குப் பிரிட்டனில் இன்னும் பிஸ்டன், லைனர், பேரிங், கேஸ்கெட் எல்லாம் புதிதாகவே கிடைக்கிறது. வாட்டர் பம்ப், சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போன்ற வெளிப்புறச் சாமான்கள் மாறியிருக்கலாம், ஆகவே கழற்றி அளந்து பார்த்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

இந்த என்ஜினின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன: ஈர லைனர். சிலிண்டர் என்பது பிளாக்கோடு (என்ஜினின் இரும்பு உடல்) சேர்ந்த வார்ப்பு இல்லை. தனிக் குழாயாக உள்ளே இறங்கி, கூலன்ட் நேரடியாக அதைச் சுற்றி ஓடும். தேய்ந்தால் பிளாக்கைப் போரிங்குக்கு அனுப்ப வேண்டாம், லைனரையும் பிஸ்டனையும் மாற்றினால் போதும். லைனரின் அடியில் எட்டு வடிவத்தில், இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக ஒரு கேஸ்கெட் இருக்கும். அது விட்டால் தண்ணீர் நேராக ஆயிலில் இறங்கும்.

வாங்கும் முன் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டமே இல்லாமல் நிற்கும் வண்டியில் ஈரத்தாலும் அப்படிப் படியும். அதனால் ஒரு இரவு முழுக்க நிற்கவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்ப் போல்ட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால் லைனர் கேஸ்கெட்டோ ஹெட் (பிளாக்கின் மேல் மூடி) கேஸ்கெட்டோ போயிருக்கிறது. விற்பவர் இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், என்ஜின் முழுதாக இறக்க வேண்டியது என்று வைத்து விலை பேசுங்கள்.

பட்டறைகளில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. ஹெட்டைக் கழற்றியதும் பிஸ்டனைப் பார்க்கலாம் என்று கிராங்கை (பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டு) சுற்றிவிடுவார்கள். ஹெட்டின் அழுத்தம் இல்லாத லைனர் பிஸ்டனோடு சேர்ந்து ஒரு மயிரிழை எழும்பும், அடி கேஸ்கெட்டின் பிடிப்பு விட்டுவிடும். அதுவரை ஒழுகாத என்ஜின் அன்றிலிருந்து ஒழுகும். ஹெட் ஸ்டட்டில் சின்னக் குழாய்த் துண்டும் பெரிய வாஷரும் போட்டு, நான்கு லைனரையும் அழுத்திப் பிடித்த பிறகே கிராங்கைத் தொட வேண்டும்.

லைனரையே எடுத்தால், அது உட்காரும் விளிம்பைத் துருவும் பழைய பசையும் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். பிளாக்கின் அடியில், முக்கியமாகப் பின் சிலிண்டர் பக்கம், பல வருடச் சகதி கல்லாக இறுகியிருக்கும். பின் சிலிண்டர் மட்டும் சூடேறுவதற்கு அதுவே காரணம். வடிகுழாயைத் திறந்து ஃப்ளஷ் செய்தால் அது வராது, கம்பியால் குத்தித்தான் எடுக்க வேண்டும். புது கேஸ்கெட் வைத்து லைனரை இறக்கி, ஸ்ட்ரெய்ட் எட்ஜும் (நேர்ப்பட்டை) ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து பாருங்கள். பிளாக் முகத்தைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் வரை மேலே நிற்க வேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கெட் பிடிக்காது. பக்கத்துப் பக்கத்து லைனர்கள் ஏற்ற இறக்கமாக இருந்தாலும் அதே கதி. ஹெட் நட்டுகளுக்கு டிஆர் என்ஜின் கணக்கு 100 முதல் 105 பவுண்டு-அடி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று நான்கு தவணையில் முறுக்குங்கள். என்ஜினை ஒருமுறை சூடாக ஓட்டிய பிறகு முறுக்கை மறுபடி பார்த்துவிடுங்கள்.

கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. மரை போன்ற ஒரு வெட்டு ஆயிலைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். ஆகவே நிறுத்திய இடத்தில் நாலு சொட்டு விழுவது இயல்பு, அதற்காக என்ஜினை இறக்காதீர்கள். குட்டையாகத் தேங்கினால் மட்டும் கவலைப்படலாம். ஆயில் 20டபிள்யூ50 மினரல் போதும்.

பெட்ரோலில் இரண்டு தொல்லை. வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்த, ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு போய்விட்டது. நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டப்போகிறீர்கள் என்றால், ஹெட் கழன்றிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு உறுதியான சீட் (வால்வு உட்காரும் வளையம்) போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வால்வு இடைவெளி அடிக்கடி இறுகிக்கொண்டே போகும். அடுத்தது எத்தனால். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் ஊறிப் பிரியும், இரண்டையும் எத்தனால் தாங்கும் சாமானாக மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக் வெளுத்திருந்தால் கார்புரேட்டர் கலவையில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுங்கள். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

இவ்வளவும் காசு கொடுத்தால் தீருகிற வேலை. எல்லோரும் புகழும் உடல்தான் ஆளைக் கவிழ்க்கும். ஜாக்கி வைக்கும் 'சில்' (கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டம்), கதவின் அடி, பின்சக்கர வளைவு, பின்கதவின் (டிக்கி) கீழ் விளிம்பு, முன் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் இடம், முன் ஸ்ட்ரட் (முன்சக்கர சஸ்பென்ஷன் தூண்) மேலே மாட்டும் தகடு, இந்த இடங்களையெல்லாம் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான். ஸ்ட்ரட் தகடு அரித்திருந்தால் வாங்காதீர்கள். மற்றவை நல்ல டிங்கரிங் ஆள் கைக்கு அடங்கும்.

கண்ணாடி, விளக்கு, பீடிங், உள்ளலங்காரம் எல்லாம் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் பிரிட்டன்தான். ஆலை மூடியபின் மிஞ்சிய பாகங்களை ரிம்மர் பிரதர்ஸ் என்ற பிரிட்டிஷ் கடை வாங்கிக்கொண்டு போனது, அங்கே எஸ்டி1 வைத்திருப்பவர்களுக்கு ஸ்பேராக விற்க! எஸ்டி1-இல் 1982-க்கு முன்னும் பின்னும் பின்கண்ணாடியும் விளக்குகளும் வேறு. படம் அனுப்பி ஒப்பிடாமல் பணம் கட்டாதீர்கள். கதவு, விளக்கு, பின்கதவுக் கண்ணாடி மூன்றும் முழுதாக உள்ள, ஓடாத வண்டி ஒன்றும், அவை உடைந்துபோன, ஓடுகிற வண்டி ஒன்றும் கண்ணில் பட்டால் ஓடாததையே எடுப்பேன்.

பேப்பரில் ஒரு கண் வேண்டும். டீசல் என்ஜினுக்கு மாறிய வண்டியாக இருந்தால் ஆர்.சி.யில் எரிபொருளும் என்ஜின் எண்ணும் மாறியிருக்கிறதா பாருங்கள். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாத மாற்றம் எஃப்.சி.யில் மாட்டும். வி8 கனவு உள்ளவர்களுக்கும் இதே சட்டம்தான். 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிக்கு 50 வயது ஆகியிருக்க வேண்டும், ஆக முதல் ஸ்டாண்டர்ட் 2000-க்கே 2035 வரை வழியில்லை. அதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி. முன்னவர் விட்ட பாக்கி இருந்தால் பேரத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள்.