பீடோரில் ஒரு லோட்டஸ் எலீஸ்: நான்கு ஆண்டுக் கணக்கு

சென்ற வாரம் என் லோட்டஸ் எலீஸ் என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் சாலை வரியைப் புதுப்பித்தேன். 278 ரிங்கிட் 40 சென். தீபகற்ப மலேசியாவில் சொந்த உபயோகத்துக்கான கார்களின் சாலை வரி இயந்திரத்தின் கொள்ளளவைக் கொண்டே கணக்கிடப்படுவதால், 1,796 சிசி இயந்திரம் உள்ள இந்த வண்டிக்கும் அதே அளவு இயந்திரம் உள்ள ஒரு சாதாரணக் குடும்பக் காருக்கும் வரியில் ஒரு சென்கூட வேறுபாடு இல்லை. இதே நிறுவனத்தின் எக்சிஜ் வி6 வண்டியை வாங்கியிருந்தால், அதன் 3,456 சிசி இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் 4,182 ரிங்கிட் கட்டியிருக்க வேண்டும். வாங்கும்முன் நான் போட்ட கணக்குகளில் அப்படியே சரியாக அமைந்தது இந்த ஒன்றுதான். மற்றக் கணக்குகள் எப்படிப் போயின, எதில் மனம் நிறைந்தது, எதை நினைத்து இன்றும் வருந்துகிறேன் என்பதை நான்கு ஆண்டுகள் முடிந்த இந்த வேளையில் எழுதி வைக்க விரும்புகிறேன். பேராக் மாநிலத்தில் நான் வாழும் பீடோரிலும் பக்கத்து ஊரான தாப்பாவிலும் எண்ணெய் நிலையத்தில் நிற்கும்போது இளைஞர்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஒன்னு வாங்கலாமாண்ணே?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு நின்ற இடத்தில் என்னால் பதில் சொல்லிவிட முடிவதில்லை.

நான் பிறந்தது பீடோருக்கு வெளியே ஒரு தோட்டத்தின் லயத்தில். அப்பா எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரியை ஓட்டியவர். 1996-ஆம் ஆண்டில் மலேசியாவின் புரோட்டோன் கார் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸை வாங்கியபோது எனக்கு அதன் பொருள் புரியும் வயதில்லை. சில ஆண்டுகள் கழித்து எங்கள் தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) மகன் புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐ கார் ஒன்றை வாங்கி வந்தார். அதன் பின்புறத்தில், வண்டியின் சாலைப்பிடிப்பைச் செம்மைப்படுத்தியது லோட்டஸ் என்று அறிவிக்கும் ஒரு சின்ன முத்திரை இருந்தது. அவர் என்னை முன்னிருக்கையில் அமர்த்தி, தோட்டத்து வாசலிலிருந்து பெருஞ்சாலை வரை அந்த வளைவுகளில் ஓட்டிச் சென்ற மாலையில், ஒரு வண்டி சாலையோடு பேசும் என்பதை முதன்முதலில் உணர்ந்தேன். பின்னாளில் செம்பனை ஆலையில் பொறியியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து பதினோர் ஆண்டுகள் பணம் சேர்த்தேன். 2017-இல் லோட்டஸின் பெரும்பங்கு சீனாவின் கீலி நிறுவனத்துக்குப் போனதும், 2021-இல் எலீஸின் உற்பத்தி முடிவுக்கு வந்ததும், இனித் தள்ளிப்போட முடியாது என்ற பதைப்பை எனக்குள் ஏற்படுத்தின. அந்தப் பதைப்பில் 2005-ஆம் ஆண்டு வண்டி ஒன்றை முழுப் பணமும் கொடுத்து வாங்கினேன், ஏனெனில் அந்த வயதுள்ள வண்டிக்குக் கடன் தர வங்கி முன்வரவில்லை. கொடுத்த தொகை, எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு மாடி வரிசை வீடு ஒன்றின் விலை.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும். எலீஸின் உடற்சட்டம் அலுமினியக் குழல்களை இபாக்சிப் பசையால் ஒட்டி உருவாக்கப்பட்டது. மேலே உள்ள கூடு கண்ணாடி இழை. முதல் தலைமுறை எலீஸின் சட்டம் மட்டும் 68 கிலோதான். டொயோட்டா இயந்திரம் பொருத்திய என் வண்டி மொத்தமாக ஏறத்தாழ 860 கிலோ, அதாவது என் மனைவி ஓட்டும் மைவி என்னும் சிறிய குடும்பக் காரைவிடக் குறைவு. இயந்திரம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்கு முன்னால் அமர்ந்திருக்கிறது. அதன் ஆற்றல் 189 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது பெரிய எண் இல்லை என்றாலும், எடை குறைவாக இருப்பதால் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்து வினாடிகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஒலித்தடுப்பு என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. லோட்டஸை நிறுவிய காலின் சாப்மன் தம் வாழ்நாள் முழுவதும் எடையைக் குறைப்பதையே கொள்கையாக வைத்திருந்தார். அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த இந்த வண்டியிலும் அந்தக் கொள்கை ஒவ்வொரு போல்ட்டிலும் தெரிகிறது.

மனநிறைவைப் பற்றிச் சொல்வதென்றால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையைத்தான் சொல்ல வேண்டும். ஐந்தரை மணிக்குக் கொட்டகையைத் திறந்து, அண்டை வீட்டார் விழித்துவிடாதபடி இரண்டாம் கியரில் மெல்ல உருட்டித் தாமானைக் கடந்து, தாப்பா வழியாகக் கேமரன் மலைச்சாலையில் ஏறுவேன். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், பாதையின் பெரும்பகுதி வளைவுக்குப் பின் வளைவு. அந்த நேரத்தில் காய்கறி லோரிகள் குறைவு, சுற்றுலாப் பேருந்துகள் அறவே இல்லை. வேகமாகப் போவதற்கு இந்தச் சாலை ஏற்றதன்று. நான் போவதும் இல்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரிலேயே இந்த வண்டி தன்னிடம் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுகிறது என்பதே இதன் சிறப்பு. தாரின் தன்மை மாறுவது, இலைச்சருகு கிடக்கும் இடம், மலையிலிருந்து கசிந்த நீர் சாலையைக் கடக்கும் இடம் எல்லாம் ஸ்டீயரிங் வழியாக விரல்களுக்கு வந்து சேர்கின்றன. லாத்தா இஸ்கண்டார் அருவியை நெருங்கும்போது குளிர்ந்த காற்றோடு ஈர மண்ணின் வாசமும் உள்ளே வரும். நிமிடத்துக்கு 6,200 சுற்றுகளைத் தாண்டினால், இந்த இயந்திரத்தின் வால்வுகளைத் திறக்கும் வேலையை வேறொரு கேம் ஏற்கத் தொடங்கும், ஒலியே மாறிவிடும். அதை மலையில் நான் தேடுவதில்லை, அதற்கு செப்பாங் பந்தயக் களம் இருக்கிறது. ரிங்லெட்டில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு எட்டரை மணிக்குள் வீடு திரும்பும்போது, முந்தைய வாரம் முழுவதும் ஆலையின் கொதிகலன் இரைச்சலில் களைத்திருந்த மனம் வேறாகியிருக்கும். நான்கு ஆண்டுகளில் இந்த மகிழ்ச்சி ஒரு முறைகூடக் குறையவில்லை.

ஒருநாள் அப்பா வந்தார். பக்கச்சட்டம் அகலமாகவும் உயரமாகவும் இருப்பதால் முதலில் அதன்மேல் அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு, அப்படியே இருக்கைக்குள் இறங்க வேண்டும். எழுபதைக் கடந்த அவர் அதைப் பொறுமையாகச் செய்தார். தாப்பா வரை போய்த் திரும்பும்வரை எதுவும் பேசவில்லை. இறங்கிய பிறகு, "கியர் சுத்தமா விழுதுப்பா" என்றார். முப்பது ஆண்டுகள் பாரம் ஏற்றிய லோரியின் கியரை மாற்றியவரின் சொல் அது. இந்த வண்டியைப் பற்றி நான் கேட்ட பாராட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அம்மாவால் ஏற முடியவில்லை. மூட்டுவலி உள்ள அவர் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, "நீ போயிட்டு வாய்யா, நான் மைவியிலேயே வரேன்" என்று சொல்லி வாசலில் நின்றுகொண்டார். வீட்டின் மிகப் பெரிய தொகையைக் கொடுத்து வாங்கிய ஒரு பொருளில் அம்மாவுக்கு இடமில்லை என்பது அன்று உறைத்தது, இன்றும் உறைக்கிறது. இரண்டு இருக்கைகள் மட்டுமே உள்ள வண்டி என்பது வாங்கும்போது தெரிந்த செய்திதான், ஆனால் கோயில் திருவிழாவுக்கும் ஈப்போ மருத்துவமனைக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் குடும்பம் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அது கொட்டகையில் நிற்பதைப் பார்க்கும்போதுதான் அந்தச் செய்தியின் முழு எடை புரிகிறது.

எங்கள் ஊரின் சாலைகளும் இதற்காகப் போடப்பட்டவை அல்ல. தாமானுக்குள் மூன்று வேகத்தடை மேடுகள் இருக்கின்றன. மூன்றையும் குறுக்கு வாட்டில், ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். குலைகளை அளவுக்கு மேல் ஏற்றிய லோரிகள் வளைவுகளில் உதிரிப் பழங்களைச் சிந்திவிட்டுப் போகின்றன. சக்கரங்கள் அவற்றை நசுக்கி நசுக்கித் தாரின் மேல் எண்ணெய்ப் படலமாக்கிவிடும். மழை தூறத் தொடங்கும் முதல் பத்து நிமிடங்களில் அந்த இடங்கள் மிக வழுக்கலானவை, என்பதை இந்தப் பக்கம் மோட்டார் ஓட்டும் எவரும் அறிவர். செம்மண் சாலையிலிருந்து ஏறும் லோரியின் பின்சக்கரங்கள் தெறிக்கும் கல் வேறு. எலீஸின் முன்கூடு முழுவதும் ஒரே துண்டு. ஒரு மூலையில் விழுந்த விரலளவு விரிசலைச் சரிசெய்தாலும், நிறம் பொருந்த வேண்டுமென்றால் சாயத்தைப் பெரும்பரப்பில் பூச வேண்டியிருக்கிறது. எனக்கு அப்படி இரண்டு முறை ஆயிற்று.

பணக் கணக்கில் நான் தவறியது காப்புறுதியில். என்சிடி எனப்படும், இழப்பீடு கோராதவருக்கான கழிவு, ஆளுக்குரியதே என்றாலும் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் பொருந்தும். மைவியில் பல ஆண்டுகள் சேர்த்து வைத்திருந்த 55 விழுக்காட்டுக் கழிவு மைவியிலேயே இருந்தது, புதிதாக வந்த எலீஸுக்குச் சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சாலை வரியில் மிச்சமானது அங்கே பல மடங்காகப் போய்விட்டது.

அடுத்து, குளிர்நீர்த் தொட்டி. இயந்திரம் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இடையே வண்டியின் நீளம் முழுவதும் குழாய்கள் ஓடுகின்றன. பல ஆண்டு வெயிலில் முதிர்ந்த ரேடியேட்டரை வாங்கிய உடனே மாற்றியிருக்க வேண்டும். முன்கூட்டைக் கழற்ற வேண்டிய பெரிய வேலை என்று தள்ளிப்போட்டேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, நெடுஞ்சாலையின் தாப்பா வெளிவழி நெரிசலில் அது கசிந்தது. ஒரு பட்டறையில் மாற்றினார்கள், ஆனால் அந்த நீண்ட குழாய்களில் சிக்கிய காற்றை முழுமையாக வெளியேற்றவில்லை. மறுநாளே வெப்பமுள் ஏறியது. நானே முன்பக்கத்தை உயர்த்தி வைத்து, இயந்திரத்தை மெல்ல ஓடவிட்டு, காற்றை வெளியேற்றி முடிக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. வாங்கும் விலைக்கு அப்பால் ஒரு பெருந்தொகையைத் தனியே ஒதுக்கி வைக்காமல் இப்படிப்பட்ட வண்டியை வாங்கியது என் தவறு. அதே நேரத்தில், இயந்திரம் டொயோட்டாவின் செலிக்காவில் இருந்த அதே 2இசட்இசட் என்பதால் வடிகட்டி, ஸ்பார்க் பிளக், நீர்ப்பம்பு முதலியவை நாட்டிலேயே கிடைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டின் பாகங்களுக்குத்தான் இங்கிலாந்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் மேலே சொன்னவை எதுவும் என் உண்மையான வருத்தம் இல்லை. வாங்கிய இரண்டாம் ஆண்டில், போதுமான அளவு கடினமாக இருந்த வண்டியை நான் இன்னும் கடினமாக்கினேன். செப்பாங் ஓட்டக்களத்துக்கு முதன்முறை போய் வந்ததுதான் அதற்குக் காரணம். 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், 1999 முதல் 2017 வரை ஃபார்முலா 1 பந்தயங்கள் நடந்த களம். அங்கே அந்த இரண்டாம் கேமின் ஒலியை ஒவ்வொரு நேர்பாதையிலும் முழுமையாகக் கேட்டேன். பெரிய வண்டிகள் பிரேக் சூடேறி ஒதுங்கிய பிறகும் இந்த எளிய வண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த மயக்கத்தில் வீடு திரும்பி, களத்துக்கென்றே செய்யப்பட்ட இறுக்கமான ஸ்பிரிங்குகளையும் அப்சார்பர்களையும் பொருத்தினேன், தரைவிரிப்பையும் கழற்றினேன். வரிப்பள்ளம் குறைந்த, பாதி வழவழப்பான பந்தய டயர்களையும் மாட்டினேன். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் செல்லும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு களத்துக்காக, வாரந்தோறும் செல்லும் மலைச்சாலையை மறந்துவிட்டேன்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள், வழக்கத்துக்கு மாறாகப் பிற்பகலில் ரிங்லெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. அந்த டயர்கள் சூடேறினால்தான் பிடிக்கும். குளிர்ந்த மலைமழையில் அவை சூடேறவே இல்லை. வண்டியோ இலேசானது, சாலையில் நிற்கும் நீரை அழுத்திப் பிளக்கும் எடை அதற்கில்லை. இறுக்கமான ஸ்பிரிங்குகளால் சக்கரம் மேடுபள்ளங்களில் தாரை விட்டு விட்டுத் தொட்டது. லாத்தா இஸ்கண்டாருக்கு மேலே ஒரு வளைவின் நடுவில் பின்பக்கம் நழுவுவதை உணர்ந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இயந்திரம் நடுவில் உள்ள வண்டியில் செய்யக் கூடாதது அதுவே. காலை எடுத்ததும் பாரம் முன்னோக்கிச் சாய, பின்சக்கரங்கள் மிச்சமிருந்த பிடிப்பையும் இழந்தன. வண்டி அரைச்சுற்றுச் சுழன்று, மலைப்பக்கக் கால்வாயின் விளிம்பில், வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. எதிரே வந்த காய்கறி லோரியின் ஓட்டுநர் மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்ததால் நிறுத்த முடிந்தது. அவர் இறங்கி வந்து, மழையில் நனைந்தபடி, என் கதவைத் திறந்து, எனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு ஏதேனும் ஆகியிருந்தால் என்ற நினைவு பல இரவுகள் தூங்கவிடவில்லை. மலைப்பக்கம் சுழன்ற வண்டி பள்ளத்துப் பக்கம் சுழன்றிருந்தால் என்பதை என் மனைவி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த மாதமே பழைய ஸ்பிரிங்குகளையும் அப்சார்பர்களையும் திரும்பப் பொருத்தினேன். அவற்றை விற்காமல் கொட்டகையில் வைத்திருந்தது நான் செய்த நல்ல காரியம். மழைநீரை வெளியேற்றும் ஆழமான வரிகள் கொண்ட சாலை டயர்களை மாட்டினேன், விரிப்பையும் போட்டேன். அடுத்த ஞாயிறு மலையேறியபோது, முதல் ஆண்டில் நான் விரும்பிய வண்டி அங்கே இருந்தது. இங்கிலாந்தின் குண்டுங்குழியுமான கிராமத்துச் சாலைகளில் ஓட்டி ஓட்டி அதன் அமைப்பை வகுத்தவர்கள் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். அதே வண்டியோடு செப்பாங்குக்கும் போய் வந்தேன். ஒரு சுற்றுக்குச் சில வினாடிகள் கூடுதலாயின, மகிழ்ச்சியில் எந்தக் குறையும் தெரியவில்லை. சாதாரணக் காப்புறுதி களத்தில் நேரும் சேதத்தை ஏற்காது என்பதால் அங்கேயும் இப்போது அளவோடுதான் ஓட்டுகிறேன்.

விற்றுவிடலாமா என்று ஒருமுறை தீவிரமாக நினைத்தேன், ரேடியேட்டர் கசிந்த அந்தத் தீபாவளியில். பார்க்க வந்தவர் நல்ல விலையும் சொன்னார். ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று, தாமானின் முனையில் அவர் கியர் மாற்றும் ஒலியைக் கேட்டேன். திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டேன். இப்போது முன் சக்கரத்தின் ஒரு பேரிங் ஓசையிடத் தொடங்கியிருக்கிறது. உதிரிபாகத்துக்கு எழுதியிருக்கிறேன், வந்து சேர மூன்று வாரங்கள் ஆகுமாம். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் மைவியில், அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்தி, அதே ரிங்லெட் கடைக்குப் போய்ப் பசியாறுவதாக இருக்கிறோம்.