மதம் என்ற கட்டத்தைக் காலியாக விட நாங்கள் பட்ட பாடு

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் மதம், சாதி இரண்டுக்கும் நேராக ‘இல்லை’ என்று எழுதி, தலைமை ஆசிரியர் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்த ஒரு சொல்லை அங்கே கொண்டுவருவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்த ஆண்டு இதே வேலையில் இறங்கப் போகிறவர்களாவது அலையாமல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். மகள் அங்கேதான் படிக்கிறாள் என்பதால் ஊர், பள்ளி பெயர் வேண்டாம்.

நான் பிறந்தது முஸ்லிம் குடும்பத்தில், கணவர் இந்துக் குடும்பத்தில். சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்துகொண்டோம். மகள் பிறந்தபோதே ஒன்றை முடிவு செய்திருந்தோம். அவள் படிக்கட்டும், கேள்வி கேட்கட்டும், வளர்ந்த பிறகு எதையாவது நம்பினால் நம்பட்டும், நம்பாவிட்டாலும் சரி. அதுவரை அவளுக்கு ஒரு மதத்தை நாங்களும் எழுதக் கூடாது, அரசாங்கமும் எழுதக் கூடாது. ஆதார் வரைக்கும் எந்தச் சிக்கலும் இல்லை.

பள்ளி விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டுக் கொடுத்தோம். எழுத்தர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து, விவரங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடச் சொல்லி ஒரு அச்சுத்தாள் வந்தது. மதம்: இந்து. சாதி: ஓசி, அதாவது இட ஒதுக்கீடு இல்லாத பொதுப் பிரிவு.

மறுநாளே போய்க் கேட்டேன். “காலியா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது மேடம். அப்பா பேரைப் பார்த்து நானே போட்டுட்டேன். உங்களுக்கும் நல்லதுதானே?” என்றார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே விண்ணப்பத்தில், அதே பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது. அது அவர் கண்ணில் படவே இல்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. காலி இடத்தைப் பெரும்பான்மையின் மதத்தால் நிரப்புவது அவருக்கு இயல்பான காரியமாக இருந்தது. மதச்சார்பின்மையை மேடையில் எவ்வளவு பேசினாலும் நடைமுறையில் அதைக் காப்பாற்றுவதோ கைவிடுவதோ இந்த மேசையில்தான். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் மதம் தெரிவிக்காதவர்கள் ஏறக்குறைய 28.7 லட்சம் பேர். இப்படி யாரோ நிரப்பிவிட்ட கட்டங்களால் அந்தக் கணக்கிலிருந்து எத்தனை பேர் காணாமல் போயிருப்பார்கள் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

தலைமை ஆசிரியர் அன்பாகத்தான் பேசினார். “ஒரே ஒரு குழந்தைக்காக இவ்வளவு சிரமம் எதுக்கும்மா? நாளைக்கு அவளுக்கே கஷ்டம்” என்றார். ஒரே ஒரு குழந்தை என்றாலும் உரிமை உரிமைதானே? கேரளத்தில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் தங்கள் நம்பிக்கைப்படி பாடாமல் இருந்த மூன்று குழந்தைகளைப் பள்ளி வெளியேற்றியது. அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கைப் பற்றி அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, தாசில்தார்கிட்ட ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க, மாத்திடறேன்” என்றார்.

இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டுக்குத் தாசில்தார் சான்றிதழ் தேவையில்லை. அது எங்களுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அதற்குள் அலைச்சல் ஆரம்பித்துவிட்டது.

இ-சேவை மையத்தில் இருந்த பையன் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதுல அப்படி ஒண்ணே இல்லக்கா” என்றான். தாலுகா அலுவலகத்தில் வி.ஏ.ஓ. அறிக்கை கேட்டார்கள். வி.ஏ.ஓ. எங்கள் இருவரையும் உட்காரவைத்து, “அதெல்லாம் சரி, உண்மையில நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார். சொல்ல விருப்பமில்லை என்றதும், “எதை மறைக்கறீங்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கணவரைப் பார்த்து அந்தக் கேள்வி வரவில்லை. வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) எப்போது போனாலும் வெளியே போயிருந்தார். கடைசியில் கைக்கு வந்தது, இப்படி ஒரு சான்றிதழ் வழங்க அரசாணை இல்லை என்று ஒரு வரிப் பதில்.

திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா 2019இலேயே சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கிவிட்டார். அதற்காக அவர் 2010 முதல் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். 2025 ஜூனில் அதே மாவட்டத்துக்காரர் ஒருவருக்கு ஒரு மாதத்துக்குள் அந்தச் சான்றிதழைக் கொடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. எந்த மதத்தோடும் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளாமல் இருப்பதும் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு தரும் மனசாட்சிச் சுதந்திரத்துக்குள் வரும் என்பதுதான் அதன் சாரம். நாங்கள் பத்திரிகைச் செய்தியைத்தான் காட்டினோம். “அது அந்த ஒருத்தருக்குக் கொடுத்த தீர்ப்பு” என்று தள்ளிவிட்டார்கள். செய்தித் துணுக்குக்கு அலுவலகங்களில் மதிப்பே இல்லை. உயர் நீதிமன்ற இணையதளத்திலிருந்து தீர்ப்பு நகலை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

வழி காட்டியவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். கல்வித் துறையின் 1973 ஜூலை 2 தேதியிட்ட அரசாணை எண் 1477, பிறகு 2000 ஜூலை 31 தேதியிட்ட எண் 205. பள்ளிச் சான்றிதழ்களில் சாதி, மதம் இல்லை என்று குறிப்பிடவோ அந்த இடங்களைக் காலியாக விடவோ விரும்புகிறவர்களுக்கு வழிவிடச் சொல்லி இவ்வளவு காலமாக ஆணை இருக்கிறது. நாங்கள் பார்த்த மேசைகளில் ஒருவருக்குக்கூட இது தெரியவில்லை.

அப்புறம் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். இரண்டு அரசாணைகளின் எண்ணும் தேதியும், 25ஆம் பிரிவு, எந்தப் படிவத்திலும் மதத்தை அறிவிக்கும்படி அரசு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்ற பம்பாய் உயர் நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு. அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்டு ஆராயும் குணத்தையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 51ஏ பிரிவு சொல்வதையும் சேர்த்தேன். ஆறு வயதுக் குழந்தையின் தலையில் ஒரு மதத்தை எழுதிவிட்டு, ஆராய்ந்து பார் என்று பிறகு சொல்வது நியாயமில்லை என்று அதில் எழுதியிருந்தேன். பள்ளிக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, எங்கள் நகலில் சீல் வாங்கிக்கொண்டோம். சீல் வாங்காமல் எந்தக் கடிதத்தையும் கொடுக்காதீர்கள்.

அதற்கும் பதில் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டோம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. கேள்விகள் மூன்றுதான். மதத்தைப் பதிவது கட்டாயம் என்று எந்த விதி சொல்கிறது? பெற்றோர் காலியாக விட்டால் பின்பற்ற வேண்டிய நடைமுறை என்ன? என் மகளின் பதிவில் ‘இந்து’ என்று யாருடைய வாக்குமூலத்தின் பேரில் எழுதப்பட்டது?

வேலை செய்தது மூன்றாவது கேள்வி என்றுதான் நினைக்கிறேன். 30 நாள் கெடு முடியும் முன்பே பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. தலைமை ஆசிரியர் எங்கள் முன்னாலேயே பழையதை அடித்து, ‘இல்லை’ என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். கணினிப் பதிவையும் திருத்தி அச்செடுத்துக் கொடுத்தார்கள். அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேடு சரியாக இருந்து கணினியில் பழையதே நின்றால், மாற்றுச் சான்றிதழில் மறுபடி ‘இந்து’ என்றே வந்து நிற்கும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சாதி இல்லை என்று எழுதினால் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு மதத்தைத் துறப்பதிலேயே ஆபத்து இருக்கிறது. பட்டியல் சாதிகள் பற்றிய 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்த அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ ஆன தலித்துகள் இன்றைக்கும் வெளியேதான். என் தோழி ஒருத்திக்கு எங்களைவிட மதநம்பிக்கை குறைவு. ஆனாலும் தன் மகனுக்கு ‘இந்து’ என்றே எழுதினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம்பாத மதத்தைப் பிடித்துக்கொண்டால்தான் உரிமை என்று அரசு சொல்வது, எங்களுக்கு நடந்ததைவிடப் பெரிய அநியாயம். வழக்கறிஞரைக் கேட்காமல் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

தாசில்தார் சான்றிதழ் இன்னும் வரவில்லை. தீர்ப்பு நகலை இணைத்து, கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறோம். மறுபடி மறுத்தால் அந்தப் பதிலையே வைத்து உயர் நீதிமன்றம் போவதாக முடிவு. எங்கள் கடிதத்தையும் அந்த மூன்று கேள்விகளையும் யார் வேண்டுமானாலும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.