மைக்கை மூடிய கை

எதிரணிக் களத்துக்குள் பாடிப்போன கடைசி ரைடில் பிடிபட்ட பையன் எழுந்திருக்காமல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதபோது, எங்கள் கபடி நேரலையின் வர்ணனையாளர் அண்ணன் மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "தம்பி, கேமராவைக் கூட்டத்துப் பக்கம் திருப்பு" என்றார்.

அடுத்த நொடியே அவர் குரல் பழையபடி கலகலத்தது. "பந்தல் காலைப் பிடித்திருக்கும் பெரியவரே, நீங்கள் கையை எடுத்தாலும் பந்தல் விழாது, தைரியமாக உட்காருங்கள்!"

பெரியவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

30 நொடியில் முடிந்துவிடும் ரைடை, கபடியே அறியாதவருக்கும் புரியும்படி சொல்வது எளிதன்று. மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்று ரைடரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி கிடைக்கும் சூப்பர் டேக்கிளை, "ஆள் குறைந்த வீட்டில் விருந்தைச் சமாளித்தவருக்கு மொய் அதிகம்" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

அவருடைய குறிப்பேட்டை இன்று எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பனியன் எண்ணுக்கும் எதிரே வீரரின் ஊர், வீட்டில் அழைக்கும் பெயர், எந்த முழங்காலில் கட்டுப் போட்டிருக்கிறார் என்பது வரை பென்சிலில் எழுதியிருந்தார். ஆட்டத்துக்கு முன்பே இரு அணியினரிடமும் போய் உட்கார்ந்து கேட்டு வாங்கியவை அவை.

எவருடைய நிறத்தையும் உடம்பையும் தோல்வியையும் தொடாமல் சிரிக்க வைப்பவர்கள் நம் மேடைகளில் அரிது என்றே நினைக்கிறேன்.

ஆனால் தன் தொப்பையைப் பற்றி அவரே அடிக்கும் கிண்டலைக் கேட்டுக்கொண்டு, கேமரா குலுங்காமல் பிடிப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது.