கடைசி ஆளா நடக்குறது

மே 10, 2024, வெள்ளி

நியூட்டன் ஸ்டூவர்ட் வந்து சேர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. கிளாஸ்கோலருந்து கிர்வன் வரைக்கும் ரயில், அங்கருந்து பஸ். இந்த ஊருக்கும் ஒரு காலத்துல ரயில் இருந்துச்சு, 1965-ல மூடிட்டாங்க, அதனாலதானோ என்னவோ ஸ்காட்லாந்துன்னா எல்லாரும் வடக்க ஹைலேண்ட்ஸுக்கே ஓடுறாங்க, தென்மேற்கு மூலையில காலோவேன்னு ஒரு பகுதி இருக்குறது என் ஆபீஸ்ல பாதி பேருக்குத் தெரியல.

"நடை விழான்னா என்னடி, பாதயாத்திரையா?"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. இல்லம்மா, சாமி கும்பிட எல்லாம் இல்ல, சும்மா நடக்கத்தான்னேன். வருஷா வருஷம் மே மாசம் இங்க ஒரு வாரத்துக்கு தினமும் மலை, கடற்கரை, காடுன்னு தனித்தனியா நடைங்க இருக்கும், கஷ்டம், மிதம், சுலபம்னு தரம் பிரிச்சிருப்பாங்க, நாம முன்னாடியே பணம் கட்டி புக் பண்ணணும். கூட்டிட்டுப் போறவங்க உள்ளூர் வாலண்டியர்ஸ். ஷூ சரியில்ல, மழை ஜாக்கெட் இல்லன்னா மலைக்கு ஏத்த மாட்டாங்க, ஜீன்ஸுக்கும் அனுமதி இல்ல, நனைஞ்சா காயாது, குளிர் உள்ள இறங்கிடும். முன்னாடி லீடர் ஒருத்தர், கடைசில பேக் மார்க்கர்னு ஒருத்தர். அவருக்குப் பின்னாடி யாரும் நிக்கக்கூடாது. ஒவ்வொரு கேட்லயும் ஆள் எண்ணுவாங்க.

இதெல்லாம் எழுதி முடிச்சு படுத்தாச்சு, பதினொன்றரை இருக்கும், தங்குற வீட்டு ஓனரம்மா கதவ தட்டி வெளிய வா வெளிய வான்னு கத்துறாங்க. நைட்டிக்கு மேல ஜாக்கெட்ட மாட்டிட்டு ஓடினேன். க்ரீ ஆத்துப் பாலத்தத் தாண்டி விளக்கு குறைஞ்ச இடத்துல ஊரே நிக்குது. வடக்குப் பக்கம் மட்டும் இல்ல, தலைக்கு நேர் மேல ஒரு புள்ளியிலருந்து ரோஸும் பச்சையுமா நாலாபக்கமும் கோடு கோடா இறங்குது, அப்பப்ப அணைஞ்சு திரும்ப வேற இடத்துல பத்திக்குது. துருவ ஒளி கேமரால தெரியுற அளவு கண்ணுக்குத் தெரியாதுன்னு சொல்லுவாங்கள்ல, இன்னைக்கு வெறுங்கண்ணுக்கே சிவப்பு தெரிஞ்சது. பக்கத்துல இருக்குற காலோவே காட்டுப் பூங்காவ 2009-ல பிரிட்டன்லயே முதல் இருண்ட வான் பூங்கான்னு அறிவிச்சது வானம் இங்க இவ்ளோ இருட்டா இருக்குறதாலதான். சூரியன் கிளப்பி விட்ட காந்தப் புயலாம், ஜி5ங்கிற உச்ச அளவு, இதுக்கு முன்னாடி இந்த அளவு வந்தது 2003 அக்டோபர்லயாம். ரெண்டு மணிக்குத்தான் உள்ள வந்தோம். காலையில அஞ்சு மணிக்கு நடை இருக்கு, யாரு எழுந்திருக்கப் போறா.

மே 11, சனி

எழுந்தேன். வுட் ஆஃப் க்ரீ, தெற்கு ஸ்காட்லாந்துல மிச்சம் இருக்குற பழங்காடுகள்லயே பெருசு, பறவைகள் பாதுகாப்பு சங்கம் பாத்துக்குது. வந்தவங்க எல்லாரும் கண்ணு வீங்கித்தான் இருந்தாங்க, லீடர் உட்பட.

ஓக் மரங்களப் பாத்தா ஒரே தூர்லருந்து ரெண்டு மூணு தண்டு கிளம்பியிருக்கும். முன்னாடி காலத்துல அடியோட வெட்டி, பட்டைய தோல் பதனிடவும் கட்டைய கரி சுடவும் கொண்டு போயிருக்காங்க, வெட்ட வெட்ட தூர்லருந்து துளிர்த்தது இது. கீழ மொத்தமும் ப்ளூபெல் பூ. போட்டோல பாக்குறப்ப நீலமா தெரியும், நேர்ல பாதி ஊதா, வெளிச்சம் மாற மாற கலரும் மாறுது. பாதைய விட்டு காலெடுத்து வைக்காதீங்கன்னு லீடர் திரும்பத் திரும்ப சொன்னாங்க, மிதிச்ச செடி தேறி வர வருஷக்கணக்கு ஆகுமாம்.

நான் பின்னாடி பேக் மார்க்கர் கூட நடந்தேன், எழுபது வயசுக்கு மேல இருக்கும், காட்டு இலாகால வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். முன்னாடி போறவங்க பேசிட்டே போறாங்க, அந்தச் சத்தத்துல பறவை எல்லாம் வாய மூடிடுது, அவங்க கடந்து போன ஒரு நிமிஷத்துல திரும்ப ஆரம்பிக்குது. அப்போ அங்க நிக்குறது நாங்க ரெண்டு பேர்தான். அவர் கைய தூக்கி நிறுத்துனார். தரையில சுத்தி விட்ட காசு நிக்கப்போறப்ப வேகமா அடிச்சுக்குமே, அந்தச் சத்தம் மேலருந்து வந்துச்சு. வுட் வார்ப்ளர். ஆள் கண்ணுல படவே இல்ல, சத்தம் மட்டும்தான். கொஞ்சம் தள்ளி பறவை கூடு கட்ட ஒரு மரத்துல அடிச்சிருந்த பெட்டி வாசல்ல கருப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் ஒண்ணு, ஆண், நெத்தில வெள்ளைப் பொட்டு, வாயில எதுவும் இல்ல, சும்மா உள்ள எட்டிப் பாக்குது, வெளிய வருது, திரும்ப எட்டிப் பாக்குது. இத்தனூண்டு பறவை குளிர்காலத்த மேற்கு ஆப்பிரிக்கால கழிச்சிட்டு இந்தப் பெட்டிக்காக அங்கருந்து வந்திருக்கு.

முன்னாடி போனவங்க இது எதையும் பாக்கலன்னு டீ குடிக்கிறப்பதான் தெரிஞ்சது. இனிமே நான் கடைசிதான்.

நேத்து ராத்திரி லடாக் ஹான்லேலயும் வானம் சிவப்பா தெரிஞ்சதாம், வாட்ஸப்ல தம்பி அனுப்பியிருக்கான்.

மே 12, ஞாயிறு

மெரிக். 843 மீட்டர், தெற்கு ஸ்காட்லாந்துலயே உசரம். 914 மீட்டருக்கு மேல இருந்தாத்தான் மன்றோன்னு கணக்குல சேத்துப்பாங்க, அதனால மன்றோ எண்ணிக்கைய ஏத்துறவங்க இங்க வர்றது இல்ல. நல்லதாப் போச்சுன்னு உள்ளூர்க்காரங்களே சொல்றாங்க.

மதியத்துக்கு மேல இடி மின்னல்னு மெட் ஆபீஸ் மஞ்சள் எச்சரிக்கை விட்டிருந்துச்சு. லீடர் கிளம்புறப்பவே தெளிவா சொல்லிட்டார், மேல போயிட்டு வந்த வழியே இறங்குறோம், லாக் ஏனக் ஏரி பக்கம் சுத்தி வர்ற திட்டம் இன்னைக்கு கிடையாது. ரெண்டு பேர் முகம் சுளிச்சாங்க, பணம் கட்டியிருக்கோம்ல. அவர் அதுக்கு பதிலே சொல்லல, ஷூ லேஸ கட்டிட்டு நடக்க ஆரம்பிச்சுட்டார். எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

ஆரம்பிக்கிற இடத்துல லாக் ட்ரூல் ஏரிக்கு மேல புரூஸ் கல். 1307-ல ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் த புரூஸோட ஆளுங்க எதிர்க்கரைச் சரிவுலருந்து பாறைய உருட்டி விட்டு கீழ ஒத்தயடிப் பாதையில வந்த இங்கிலாந்துப் படைய மடக்கினதா சொல்ற இடம். கல்ல வச்சது 1929-ல, புரூஸ் செத்து 600 வருஷம் ஆனதுக்கு. அந்தச் சரிவ பாத்தா பாறை உருட்டவே வேணாம், அதுவா உருளும் போல.

பக்கன் ஓடை ஓரமா ஏத்தம், அப்புறம் கல்ஷார்க்னு ஒரு பாழடஞ்ச வீடு, அதத் தாண்டி பென்யெலரின்னு ஒரு மலை, அங்கருந்து கல்சுவர பிடிச்சுக்கிட்டே போனா மெரிக் தோள். சாந்தே இல்லாம வெறும் கல்ல அடுக்கி கட்டுன சுவர், இவ்ளோ உசரத்துல அத்தன கல்ல யார் தூக்கி அடுக்கினாங்களோ, கூலி என்ன குடுத்தாங்களோ.

பேக் மார்க்கர் தாத்தா சதுப்புல நிறுத்தி ஸ்பேக்னம் பாசிய ஒரு கைப்பிடி பிடுங்கி என் உள்ளங்கையில வச்சு பிழின்னார். பிழிஞ்சேன், முழங்கை வரைக்கும் தண்ணி வழிஞ்சது, பிழிஞ்சப்புறம் கையில இருந்தது வெளிறிப்போய் எடையே இல்லாத சக்கை. முதல் உலகப் போர்ல பஞ்சு கிடைக்காதப்ப ஸ்காட்லாந்து பொம்பளைங்களும் புள்ளைங்களும் இத மூட்டை மூட்டையா பொறுக்கி, காய வச்சு, காயத்துக்கு கட்டுப் போட அனுப்பினாங்களாம். பிழிஞ்சத எடுத்த இடத்துலயே திரும்ப அமுக்கி வச்சுட்டுத்தான் நகர்ந்தார். பதிலுக்கு நான் கடலை மிட்டாய் குடுத்தேன், அவர் டேப்லெட்னு ஒண்ணு குடுத்தார், சர்க்கரையும் வெண்ணெயும் சுண்டக் காய்ச்சி வெட்டுன துண்டு, வாயில வச்சதும் மணலா உதிருது. ஏத்தத்துக்கு கடலை மிட்டாய்தான் சரி, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டோம்.

உச்சியில ஐல்சா கிரெய்க் தீவு தெரிஞ்சது, கர்லிங் விளையாட்டுக்கு கல்லு எடுக்குற தீவு. அதுக்கு அந்தப்பக்கம் அயர்லாந்து மங்கலா. காத்து சுத்தமா இருந்தா இங்கருந்து வேல்ஸ்ல இருக்குற ஸ்னோடன் வரைக்கும் 232 கிலோமீட்டர் பார்வை போகும், பிரிட்டன் தீவுகள்லயே நீளமான பார்வைக்கோடு இதுதான்னு கணக்கு போட்டு வச்சிருக்காங்க. இன்னைக்கு புழுக்கம், அதுக்கெல்லாம் வழியே இல்ல. கீழ லாக் ஏனக், ஏரிக்குள்ள ஒரு தீவு, அந்தத் தீவுக்குள்ள ஒரு குட்டி ஏரி. அந்தக் கரையில கிரானைட் உதிர்ந்த வெள்ளி மணல், முன்னாடி அத அள்ளிட்டுப் போய் புல்லறுக்குற அரிவாள தீட்ட வித்தாங்களாம். பாக்க முடியாம போச்சேன்னு எனக்கும் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

ரெண்டே முக்காலுக்கு கார் பார்க். மூணு மணிக்கு முதல் இடி. முகம் சுளிச்ச ரெண்டு பேரும் எங்களுக்கு முன்னாடியே கார்ல ஏறி உக்காந்துட்டாங்க.

மே 13, திங்கள்

கால் ரெண்டும் கட்டை. நடை புக் பண்ணல, விக்டவுன் போனேன். 1998-லருந்து ஸ்காட்லாந்தோட புத்தக ஊர், தெருவெல்லாம் பழைய புத்தகக் கடை. இந்தப் பக்கத்து பழைய வரைபடம் ஒண்ணு வாங்கினேன், மூடிப்போன ரயில் பாதை எல்லாம் அதுல இருக்கு.

கீழ உப்புச் சதுப்புல ஒரு கல்தூண். 1685-ல ராஜா சொல்ற கிறிஸ்தவத் திருச்சபை முறைய ஏத்துக்க மாட்டோம்னு சொன்ன ரெண்டு மார்கரெட், ஒருத்தர் வயசான அம்மா, இன்னொருத்தி 18 வயசுப் பொண்ணு, கம்பத்துல கட்டி வச்சு கடல் ஏறி வர விட்டுட்டாங்க. கிழவிய முன்னாடி தண்ணி பக்கமா கட்டினாங்களாம், அத பாத்து சின்னவ பயந்து சம்மதிப்பான்னு. சம்மதிக்கல. இப்ப அங்க தண்ணியே இல்ல, ஆறு தள்ளிப் போயிடுச்சு, புல்லுதான்.

ராத்திரி கேய்லி நடனம். நேத்து மலையில மூச்சு வாங்கினவங்க எல்லாம் ஸ்ட்ரிப் த வில்லோக்கு சுத்துற சுத்தப் பாத்தா நம்ப முடியல. நான் பாதில உக்காந்துட்டேன்.

மே 14, செவ்வாய்

ஐல் ஆஃப் விட்ஹார்ன்லருந்து பாறைக்கரை ஓரமா செயின்ட் நினியன்ங்கிற பழங்காலக் கிறிஸ்தவப் புனிதர் பேர்ல இருக்குற குகை வரைக்கும். பேர்லதான் தீவு, இப்ப கரையோட ஒட்டின துறைமுக ஊர். அயர்லாந்துலருந்தும் மேன் தீவுலருந்தும் படகுல வந்த யாத்ரீகர்கள் முதல்ல இறங்கின இடம், அவங்களுக்காகக் கட்டின சின்ன தேவாலயம் கூரையில்லாம நிக்குது. அம்மா கேட்டது கடைசில உண்மையாயிடுச்சு, பாதயாத்திரைதான்.

கிளம்புற இடத்துலயே ஒரு நினைவிடம். 2000 ஜனவரில சோல்வே ஹார்வெஸ்டர்னு மீன்பிடி படகு மேன் தீவு பக்கம் புயல்ல மூழ்கி அதுல இருந்த ஏழு பேரும் போயிட்டாங்க, எல்லாரும் இந்தச் சுத்துவட்டாரப் பசங்க. லீடர் தொப்பிய கழட்டுனார், விளக்கம் எதுவும் சொல்லல, தெரியாதவங்களுக்கு தாத்தாதான் பின்னாடி மெதுவா சொன்னார்.

வழி முழுக்க ரோஸ் கலர் த்ரிஃப்ட் பூ. நடுவுல ஒரு வயல்ல கன்னுக்குட்டியோட மாடுங்க நின்னுச்சு. 2003 சட்டப்படி ஸ்காட்லாந்துல பொறுப்போட நடந்தா தனியார் நிலத்துலயும் பெரும்பாலும் நடக்க உரிமை இருக்கு, ஆனா அந்த மாடுகளுக்கு சட்டம் தெரியாதே, வேலிக்கு வெளிய சுத்தித்தான் போனோம். குகை ஒண்ணும் பெருசு இல்ல, பாறையில ஒரு வெடிப்பு. சுவத்துல ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான செதுக்குன சிலுவைங்க தேய்ஞ்சு போய் இருக்கு, கீழ வந்தவங்க போனவங்க குச்சிய நூல்ல கட்டி வச்ச புது சிலுவைங்க, பேர் எழுதுன கூழாங்கல்லுங்க.

திரும்பறப்ப பிஸ்கில் பள்ளத்தாக்குக் காடு வழியா வந்தோம், காட்டுப் பூண்டு வாசனைல பயங்கரமா பசி எடுத்துடுச்சு. தாத்தா அடுத்த வருஷமும் வர்றியான்னார், கஷ்ட நடைங்க சீக்கிரம் நிரம்பிடும், புக்கிங் திறந்த உடனே போட்டுடுன்னார். லாக் ஏனக் பாக்கி இருக்குல்ல, வருவேன்.

குளிக்கிறப்ப பாத்தா முழங்காலுக்குப் பின்னாடி உண்ணி, எள்ளு அளவு, கருப்பா, கால உதறிக்கிட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. ஓனரம்மா சின்ன பிளாஸ்டிக் கொக்கி வச்சிருந்தாங்க, தோலோட ஒட்டி நுழைச்சு, நசுக்காம மெல்ல சுத்திக்கிட்டே மேல எடுத்தா முழுசா வந்துடுச்சு. எண்ணெய் தடவுறது, நெருப்பு காட்டுறது எல்லாம் பண்ணவே கூடாதாம். போட்டோ எடுத்து தேதி போட்டு வச்சிருக்கேன், இன்னும் ஒரு மாசத்துக்கு அந்த இடத்துல வட்டமா சிவந்து பரவுதான்னு பாக்கணும், பரவினா டாக்டர்கிட்ட ஓடணும். காலையில எட்டேகாலுக்கு பஸ்.