படுக்கைக்கும் பரீட்சைக்கும் நடுவே

பிப்ரவரி 3, 2025, திங்கள்

மார்ச் 3 பிளஸ் டூ தேர்வு. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, பக்கவாதத்தில் படுத்திருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ பார்த்துக்கொண்டே படிக்கும் தம்பி தங்கைகளுக்காக, வீடு வீடாகப் போகும் நர்ஸ்கள் நாங்கள் எழுதும் குறிப்பு இது.

முதலில் உங்கள் முதுகு. தூக்காதீர்கள், உருட்டுங்கள். பழைய பருத்திப் போர்வையை இரண்டாக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வரும்படி குறுக்கே விரித்துவையுங்கள். மேலே நகர்த்த வேண்டுமானால் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சமமாக்கி, இருபுறமும் ஒருவர் நின்று, போர்வை விளிம்பை உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி இழுக்க வேண்டும். தனியாக இருந்தால் இது வேண்டாம்; பக்கவாட்டில் திருப்புவது மட்டும் போதும். உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் முழங்காலை மடக்கி, அந்தக் கையை நெஞ்சின் மேல் வைத்து, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து உங்கள் பக்கம் உருட்டுங்கள்.

விழுந்துபோன கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ ஒருபோதும் இழுக்கக் கூடாது. அந்தத் தோள் தளர்ந்திருக்கும். மூட்டு இறங்கிவிட்டால் பிசியோதெரபியே தடைப்படும்.

பிப்ரவரி 5, புதன்

முழுக்க ஒருக்களித்துப் படுக்கவைத்தால் மொத்த பாரமும் இடுப்பெலும்பில் இறங்கும். 30 டிகிரி சாய்வு போதும்: முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று. குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு வைப்பது பல வீடுகளில் இருக்கிறது. அதைவிடத் தலையணையே நல்லது. நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலில் ரத்த ஓட்டத்தை அது தடுக்கும்.

காலையில் உடம்பு துடைக்கும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால், கணுக்கால், காது மடல் ஐந்தையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும். வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சூடாக, கெட்டியாக, சுற்றுப்புறத்திலிருந்து வேறாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. பவுடர், மஞ்சள், ஸ்பிரிட் எதுவும் வேண்டாம்.

பிப்ரவரி 8, சனி

இரவுதான் பிள்ளைகளைச் சாய்க்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க அலாரம் வைத்து எழும் பிள்ளை, காலையில் பாடம் நடத்தும்போது தூங்குகிறது.

இடைவெளியைத் தோல்தான் சொல்ல வேண்டும். சாதாரண மெத்தையென்றால் இரண்டு மணி நேரம். ஏர் பெட் (மோட்டாரால் காற்று நிரப்பும் மெத்தை) சரியாக வேலை செய்து, காலையில் தோலில் ஒரு தடமும் இல்லையென்றால், உங்கள் நர்ஸைக் கேட்டு இரவில் நான்கு மணி நேரமாக்கலாம்: பத்து, இரண்டு, ஆறு. நடுராத்திரி இரண்டு மணிக்குத் திருப்புவதைப் பெரியவர் ஒருவர் எடுத்துக்கொண்டால் நீங்கள் பத்தரையிலிருந்து ஆறு வரை தூங்கலாம். இதை வீட்டில் கேட்டு வாங்குங்கள். மறுநாள் சிவப்பு தெரிந்தால் பழைய இடைவெளிக்கே திரும்ப வேண்டும்.

ஏர் பெட்டில் காற்று போதுமா என்று பார்க்க, இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழையுங்கள். எலும்பு கையில் தட்டுப்பட்டால் காற்று போதாது. கரண்ட் போனால் மெத்தை மெல்ல இறங்கும். அன்று மறுபடி இரண்டு மணிக் கணக்குதான்.

பிப்ரவரி 12, புதன்

மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொடுக்கும் குழாய். திருப்புவது, துடைப்பது, டயப்பர் மாற்றுவது எல்லாம் உணவுக்கு முன்னால். சாப்பாட்டுக்குப் பின் படுக்கவைத்தால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போகும்; நிமோனியா அப்படித்தான் வருகிறது.

தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். மூக்கருகே குழாயில் போட்ட மார்க்கர் கோடு அதே இடத்தில் இருக்கிறதா, வாய்க்குள் குழாய் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாதீர்கள். குழாய் வெளியே வந்துவிட்டால் திரும்பச் செருகுவது நர்ஸ் வேலை.

முதலில் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். பிறகு 50 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, குழாயில் பொருத்தி, ஒரு முழம் உயர்த்திப் பிடித்து ஊற்றுங்கள்; தானாக இறங்கட்டும். டாக்டர் வேறு அளவு சொல்லாவிட்டால் ஒரு வேளைக்கு 200 மில்லி, பதினைந்து இருபது நிமிடம். முடிவில் மறுபடி 30 மில்லி தண்ணீர். ஒரு மணி நேரம் சாய்ந்தே இருக்கட்டும். நடுவில் இருமினாலோ முகம் நீலம் பாய்ந்தாலோ உடனே நிறுத்தி 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேழ்வரகுக் கஞ்சி ஆறஆறக் கெட்டியாகும், குழாய் அடைபடப் பெரும்பாலும் அதுதான் காரணம். நீர்க்கக் காய்ச்சி, டீ வடிகட்டியில் வடித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கொடுங்கள். மாத்திரைகளைத் தனித்தனியே பொடித்துக் கரையுங்கள். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருப்பதைப் பொடிக்காதீர்கள். மெல்லக் கரைய வேண்டிய மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும்.

பிப்ரவரி 17, திங்கள்

யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல். முக்கால் நிரம்பும் முன் காலி செய்யுங்கள். நான்கு மணி நேரம் சிறுநீரே இறங்காமல் அடிவயிறு உப்பினால், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்சுலின் அளவை மாற்றுவது, புண்ணை வெட்டிச் சுத்தம் செய்வது, குழாய் போடுவது உங்கள் வேலை அல்ல. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள்; ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வகுப்பாசிரியரிடமும் நிலைமையைச் சொல்லிவையுங்கள்.

தேர்வு நாளுக்கு: ஆறு மணிக்குத் திருப்பித் துடைப்பது, ஏழுக்குக் கஞ்சி, எட்டேகாலுக்கு மறுபடி திருப்பிச் சாய்த்துவிட்டுக் கிளம்பலாம். நீங்கள் திரும்பும் வரை பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவரை இப்போதே பேசிவையுங்கள். பதினோரு மணி உணவை மார்ச் 3-க்கு முன் இரண்டு தடவையாவது அவர் உங்கள் கண்முன் கொடுத்துப் பழகட்டும்.